சிவப்புச் சின்னத்துக்குப் பின்னால்: கோப்பு வகையும் நமது ஆவணங்களும்

இணையத்தளம் ஒன்றில் ஆவணங்களின் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சிறியதொரு படம் இருக்கும். சிவப்பென்றால் பிடிஎஃப், நீலமென்றால் வேர்ட், பச்சையென்றால் எக்செல். மலையும் சூரியனும் வரைந்திருந்தால் அது புகைப்படம். கணினித் துறையினர் இதனை ஐகன் என்பார்கள். கோப்பின் பெயர் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்களும் இலக்கங்களும் கலந்த நீண்ட வரியாக இருப்பதால், நம்மில் அனேகமானோர் அதை வாசிப்பதில்லை. சின்னத்தைப் பார்த்தே அழுத்துகிறோம்.

அந்தச் சின்னத்தை அங்கே வைப்பது யார்? எதைப் பார்த்து வைக்கிறார்கள்? அதை நம்பலாமா? இவை மென்பொருள் எழுதுபவர்களுக்கு மட்டும் உரிய கேள்விகளாகத் தோன்றலாம். ஆனால், வாழ்க்கையின் பாதியை ஆவணங்களைத் தேடுவதிலும் நிரூபிப்பதிலும் கழித்த ஒரு சமூகத்துக்கு இவை அன்றாடக் கேள்விகள்.

நான் இருப்பது பலாங்கொடையில். இங்குள்ள தோட்டங்களில் பிறந்த பலருடைய கதை இங்கேயே முடிந்துவிடவில்லை. 1977ஆம் ஆண்டு வன்முறைக்குப் பிறகும் 1983 ஜூலைக்குப் பிறகும் சப்ரகமுவ தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் குடியேறின. காந்தீயம் போன்ற அமைப்புகள் அவர்களைக் குடியமர்த்த உதவின. அதே குடும்பங்கள் 2009இல் இறுதி யுத்தத்துக்குள்ளும் அகப்பட்டன. ஆகவே, ஒரே குடும்பத்தில் தாயின் பிறப்புப் பதிவு இரத்தினபுரி மாவட்டத்தில் இருக்கும், பிள்ளையின் பிறப்புப் பதிவு வன்னியில் இருக்கும், காணாமல்போன மகன் பற்றிய முறைப்பாட்டுப் பிரதி இன்னொரு இடத்தில் இருக்கும். கடுதாசியாக இருந்தவை இடம்பெயர்வில் தொலைந்தன. மிஞ்சியவை இன்று ஸ்கேன் செய்யப்பட்ட கோப்புகளாக வட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அலைகின்றன. கோப்பு வகைச் சின்னம் என்ற சின்ன விடயம் இங்கேதான் முக்கியமாகிறது.

பெயரைப் பார்த்து ஒட்டப்படும் அடையாளம்

ஆவணமொன்றைத் திரையில் சிறு படமாகக் காட்டும் வழக்கம் 1981இல் ஸெரொக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டார் கணினியோடு சந்தைக்கு வந்தது. 1984இல் அப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டோஷ் அதைப் பரவலாக்கியது. அந்தக் கணினிக்கான சின்னங்களை வரைந்தவர் சூசன் கேர் என்ற ஓவியர். கணினிக் கட்டளைகள் தெரியாதவர்களும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். அது நல்ல நோக்கமே.

இணையத்தில் இது வேறு விதமாக நடக்கிறது. நீங்கள் ஒரு கோப்பைப் பதிவேற்றும்போது, பெரும்பாலான செயலிகள் அதன் பெயரின் கடைசிப் பகுதியையே பார்க்கின்றன. புள்ளிக்குப் பிறகு ‘பிடிஎஃப்’ என்று இருந்தால் சிவப்புச் சின்னம். ‘டொக்எக்ஸ்’ என்று இருந்தால் நீலச் சின்னம். பட்டியலில் இல்லாத எதுவென்றாலும் வெள்ளைத் தாள். உள்ளே எட்டிப் பார்ப்பது கிடையாது. லயத்துக் கதவில் எழுதியிருக்கும் இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பது யார் என்று எழுதிக்கொண்டு போவதைப் போன்றது இது.

இரண்டாவது வழியொன்றும் உண்டு. 1992இல் நதானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இருவர் மின்னஞ்சலில் படங்களையும் ஆவணங்களையும் அனுப்புவதற்காக ‘மைம்’ என்ற முறையை வகுத்தார்கள். அதன்படி ஒவ்வொரு கோப்புடனும் “இது இன்ன வகை” என்று சொல்லும் ஒரு வரி சேர்ந்து வரும். இன்று முழு இணையமும் அந்த முறையில்தான் இயங்குகிறது. ஆனால், பதிவேற்றும் வேளையில் அந்த வரியை எழுதுவது உங்களுடைய பிரவுசர். அதுவும் அனேகமாகக் கோப்பின் பெயரைப் பார்த்தே எழுதுகிறது. அதாவது, இரண்டு சாட்சிகள் இருப்பது போலத் தோன்றினாலும், இரண்டாமவர் முதலாமவர் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறார்.

உள்ளே பார்த்தால் தெரிவது

கோப்பின் உண்மையான வகையை அறிய அதன் தொடக்கத்தைப் பார்க்க வேண்டும். பிடிஎஃப் கோப்பை எளிய எழுத்துச் செயலியொன்றில் திறந்தால், சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற மூன்று எழுத்துக்களும் ஆரம்பத்திலேயே தெரியும். ஜேபெக் புகைப்படங்கள் எல்லாம் ஒரே மூன்று பைட்டுக்களுடன் தொடங்குகின்றன. சிப் கோப்பு ‘பிகே’ என்ற இரண்டு எழுத்துக்களோடு தொடங்கும். அந்த வடிவத்தை உருவாக்கிய பில் கட்ஸ் என்பவரின் பெயரின் முதலெழுத்துக்கள் அவை. இதனைக் கோப்பின் கையொப்பம் என்று சொல்லலாம். கோப்பின் பெயரை யாரும் மாற்றலாம். கையொப்பம் பெயரோடு சேர்ந்து மாறுவதில்லை.

கையொப்பத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இன்றைய வேர்ட், எக்செல் கோப்புகளும் அண்ட்ரொய்ட் தொலைபேசியில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்பும் உண்மையில் சிப் பொதிகளே. மூன்றுமே ‘பிகே’ என்றுதான் தொடங்கும். ஒன்று கடிதம், ஒன்று கணக்கு, ஒன்று உங்கள் தொலைபேசிக்குள் புகக்கூடிய மென்பொருள். ஆகவே, பொறுப்பான செயலி தொடக்கத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், பொதிக்குள் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்த பிறகே சின்னத்தை முடிவு செய்யும்.

பதிவேற்றும் இடத்தில் நடப்பது

பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களின் பிரதிகளை இணையம் வழியாகக் கோரும் வசதி இன்று பதிவாளர் நாயகம் திணைக்களத்திடம் இருக்கிறது. வேலைவாய்ப்பு, புலமைப்பரிசில், வெளிநாட்டு வீசா என்று எல்லாமே பதிவேற்றத்தில்தான் தொடங்குகின்றன. தோட்டத்திலிருந்து இதற்காக வருபவர்கள் நகரத்திலுள்ள கொமியூனிகேஷன் கடைக்குத்தான் போகிறார்கள். அன்றைய கைக்காசை விட்டுவிட்டு, பஸ்ஸுக்கும் கடைக்கும் செலவழித்து வருகிறார்கள். ஒரு பதிவேற்றம் நிராகரிக்கப்பட்டால் இன்னொரு நாள் சம்பளம் போகும்.

அங்கே நான் அடிக்கடி காண்பது இதுதான். படிவம் “பிடிஎஃப் மட்டும்” என்று கேட்கிறது. கையிலிருப்பதோ தொலைபேசியில் எடுத்த புகைப்படம். அவசரத்தில் யாரோ கோப்பின் பெயரை மட்டும் பிடிஎஃப் என்று மாற்றிவிடுகிறார்கள். செயலி பெயரைப் பார்த்து சிவப்புச் சின்னத்தைக் காட்டுகிறது. “சரி அக்கா, போயிருச்சி” என்று கடைக்காரத் தம்பி சொல்கிறார். அந்தச் சின்னத்தைப் பார்த்த நிம்மதியோடு அந்த அம்மா வீட்டுக்குப் போகிறார். இரண்டு வாரங்களுக்குப் பிறகு அலுவலகத்தில் ஒருவர் அந்தக் கோப்பைத் திறக்க முயற்சிக்கிறார். திறக்கவில்லை. விண்ணப்பம் முழுமையற்றது என்று ஒதுக்கப்படுகிறது.

இதில் தம்பியின் தவறும் இல்லை, அம்மாவின் தவறும் இல்லை. உள்ளே பார்க்காமலேயே “இது பிடிஎஃப்” என்று சின்னத்தின் மூலம் உறுதிகூறிய இணையச் செயலியின் தவறு அது. பதிவேற்றிய அந்த நிமிடத்திலேயே “பெயர் பிடிஎஃப் என்று இருக்கிறது, உள்ளே இருப்பது புகைப்படம்” என்று தமிழில் ஒரு வரி காட்டியிருந்தால் அங்கேயே சரி செய்திருக்கலாம்.

வெளிநாட்டிலிருக்கும் உறவினர் அனுப்பும் கோப்புகளில் இன்னொரு பிரச்சினை வருகிறது. 2017இலிருந்து ஐபோன்கள் புகைப்படங்களை ‘ஹெய்க்’ என்ற புதிய வடிவத்தில் சேமிக்கின்றன. அது கொழும்பிலோ பாரிஸிலோ இருப்பவரின் தொலைபேசியில் அழகாகத் தெரியும். இங்கே பழைய கணினியில் வெள்ளைத் தாளாக மட்டும் நிற்கும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அதை அழித்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். வெள்ளைத் தாள் என்றால் கோப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தமல்ல. “இது எந்த வகை என்று எனக்குத் தெரியாது” என்று அந்தக் கணினி சொல்கிறது, அவ்வளவுதான்.

சின்னத்தை வைத்து ஏமாற்றுதல்

2000ஆம் ஆண்டு மே மாதம் மணிலாவிலிருந்து புறப்பட்ட ‘ஐ லவ் யூ’ வைரஸ் உலகெங்குமுள்ள இலட்சக்கணக்கான கணினிகளைத் தாக்கியது. காதல் கடிதம் என்று பெயரிடப்பட்ட அந்தக் கோப்புக்கு இரண்டு வால்கள் இருந்தன. முதலாவது சாதாரண எழுத்துக் கோப்பு என்றது. இரண்டாவதுதான் உண்மையானது, அது நிரல். விண்டோஸ் தனக்குத் தெரிந்த வகைகளின் கடைசி வாலை மறைத்துக் காட்டுவதால், மக்கள் கண்ணுக்குத் தெரிந்தது முதலாவது மட்டும்தான். அந்த மறைக்கும் பழக்கம் விண்டோஸில் இன்றும் தொடர்கிறது.

இப்போது அதே தந்திரம் வட்ஸ்அப்புக்கு வந்துவிட்டது. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் ஏபிகே கோப்புகள் அனுப்பப்படுவதாக 2024 நவம்பரில் இந்தியாவின் ஹிமாச்சலப் பிரதேச சைபர் பொலிஸார் எச்சரித்தார்கள். அழைப்பிதழ் என்று நினைத்துத் திறந்து நிறுவினால், தொலைபேசியிலுள்ள தகவல்கள் திருடர் கைக்குப் போகும். நமது மக்களிடம் திருமண அழைப்பிதழுக்குப் பதிலாக “காணாமல்போனோர் பெயர்ப்பட்டியல்”, “நட்டஈட்டுப் பட்டியல்” என்று ஒரு கோப்பு வந்தால் எத்தனை பேர் திறக்காமல் விடுவார்கள்? பதினைந்து வருடங்களுக்கு மேலாக ஒரு பெயருக்காகக் காத்திருக்கும் தாயிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று மட்டும் சொல்வது போதாது. எதைப் பார்த்து எச்சரிக்கையாக வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். பட்டியல் என்று வரும் கோப்பு பெரும்பாலும் பிடிஎஃப், எக்செல், புகைப்படம் ஆகிய மூன்றில் ஒன்றாகவே இருக்கும். தொலைபேசி “நிறுவவா?” என்று கேட்டால் அது பட்டியல் அல்ல.

ஒரு காணொளியும் கோப்பு பற்றிய விவாதமும்

கோப்பின் வகையும் அதற்குள் பதிந்திருக்கும் தகவல்களும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நமது வரலாற்றிலேயே உதாரணம் இருக்கிறது. 2009 ஓகஸ்ட் 25ஆம் திகதி பிரித்தானியாவின் செனல் 4 தொலைக்காட்சி, கைகள் கட்டப்பட்டவர்கள் சுட்டுக்கொல்லப்படும் காணொளியொன்றை ஒளிபரப்பியது. இலங்கை அரசாங்கம் அது போலியானது என்றது. கைத்தொலைபேசியில் எடுக்கப்பட்டதல்ல என்பதும் முன்வைக்கப்பட்ட வாதங்களில் ஒன்று. 2010 ஜனவரியில் ஐ.நா. விசேட அறிக்கையாளர் ஃபிலிப் அல்ஸ்டன், மூன்று சுயாதீன நிபுணர்களின் ஆய்வை முன்வைத்து, காணொளி உண்மையானதாகவே தோன்றுகிறது என்று அறிவித்தார். விளக்கம் கிடைக்காத சில அம்சங்களும் இருப்பதாக அவர் மறைக்காமல் சொன்னார். கோப்பின் தகவல்களில் பதிந்திருந்த 2009 ஜூலை 17 என்ற திகதி அவற்றில் ஒன்று.

கொல்லப்பட்டவர்களின் முகங்களைப் பார்த்து நாம் அழுதுகொண்டிருந்த வேளையில், அந்தக் கோப்பின் வடிவத்தையும் திகதியையும் வைத்து ஒரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு கோப்பு எந்தக் கருவியிலிருந்து வந்தது, எத்தனை முறை வடிவம் மாற்றப்பட்டது என்பது சாட்சியத்தின் பெறுமதியைக் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

இந்த விடயம் பழங்கதையாகிவிடவில்லை. 2021 மார்ச்சில் நிறைவேற்றப்பட்ட ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 46/1 தீர்மானம், இலங்கை தொடர்பான சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்துக்கு வழங்கியது. அந்த அலுவலகமும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட பெர்க்லி நெறிமுறை, இணையத்தில் கிடைக்கும் டிஜிட்டல் சான்றுகளை மாற்றம் எதுவும் நேராமல் பாதுகாக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது.

இங்கே வட்ஸ்அப்பில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று. ஒரு படத்தைப் ‘போட்டோ’ என்ற வழியில் அனுப்பினால் வட்ஸ்அப் அதனைச் சுருக்குகிறது. எடுத்த திகதி, கருவி, இடம் போன்ற உள்தகவல்கள் அழிந்துவிடுகின்றன. அதே படத்தை ‘டொகியுமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால் கோப்பு அப்படியே போகிறது. முதலாவது வழியில் திரையில் படம் பெரிதாகத் தெரியும். இரண்டாவது வழியில் கோப்பின் பெயரும் அளவும் வகையும் தெரியும். பார்ப்பதற்கு முதலாவதுதான் அழகு. சான்றாக நிற்கக்கூடியது இரண்டாவது. அதேவேளை, அந்த உள்தகவல்களில் படம் எடுத்த இடமும் இருக்கலாம் என்பதால், மூலக் கோப்பை நம்பிக்கையானவர்களுக்கு மட்டுமே அனுப்ப வேண்டும்.

சின்னம் சொல்லாத விடயங்கள்

அரச, தனியார் இணையத்தளங்களில் தரவிறக்கப் பக்கங்களைத் திறந்தால், சில இடங்களில் ஒரே படிவத்துக்கு வரிசையாக மூன்று சிவப்புச் சின்னங்கள் இருக்கும். சிங்களம், தமிழ், ஆங்கிலம். மூன்றும் ஒரே மாதிரி. எது எந்த மொழி என்பதைக் கோப்பின் ஆங்கிலப் பெயரின் கடைசியிலுள்ள ஒற்றை எழுத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிங்களம் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது என்ற நிலையிலுள்ள பலர் எங்கள் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த மூன்று சின்னங்களும் பயனற்றவை.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட வேர்ட் கோப்புகள் இன்னொரு உதாரணம். சின்னம் நீலமாக, சரியாகவே இருக்கும். திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் சிதறிக் கிடக்கும். கோப்பு வேர்ட்தான், சின்னம் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதை யாரும் வாசிக்க முடியாது. யுத்த காலத்தில் தட்டச்சு செய்யப்பட்ட முறைப்பாடுகளும் கடிதங்களும் இந்த நிலையில் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. அவற்றை யுனிகோடுக்கு மாற்றியும், பிடிஎஃப் ஆக எடுத்தும் வைப்பது அவசரமான வேலை.

சொற்களால் இதைச் செய்து காட்டிய நல்ல முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் இணையத்தளத்தில், ஒரு நூலின் பக்கத்தில் ‘வாசிக்க’ என்பதன் கீழ் கோப்பின் அளவும், பிடிஎஃப் வடிவம் என்ற குறிப்பும் தமிழில் எழுதப்பட்டிருக்கும். மொழியும் வெளியான ஆண்டும் பக்கங்களின் எண்ணிக்கையும் தனியே இருக்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த சமூகத்துக்கு, எந்த நூல் எந்த வடிவத்தில் கையில் இருக்கிறது என்று தெளிவாக எழுதி வைப்பதன் அருமை தெரியும். எத்தனை எம்.பி. என்று முன்கூட்டியே தெரிந்தால், ஐம்பது ரூபா டேட்டாவோடு இருப்பவர் தரவிறக்கலாமா என்று தானே தீர்மானிக்கலாம்.

இணையத்தளங்கள் செய்ய வேண்டியவை

மென்பொருள் எழுதும் இளைஞர்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பதற்குச் சில விடயங்கள் உள்ளன.

பெயரை மட்டும் பார்க்காமல், சேவையகத்தில் கோப்பின் கையொப்பத்தையும் சரிபார்த்த பிறகு சின்னத்தைக் காட்டுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் அதைப் பதிவேற்றியவருக்கு அப்போதே அவருடைய மொழியில் சொல்லுங்கள்.

சின்னத்துக்குப் பக்கத்தில் வகை, அளவு, மொழி ஆகிய மூன்றையும் எழுத்தில் போடுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். யுத்தத்தில் பார்வையை இழந்தவர்கள் திரைவாசிப்பு மென்பொருளைக் கொண்டு இணையத்தைப் பாவிக்கிறார்கள். மாற்று எழுத்து இல்லாத சின்னம் அவர்களுக்கு வெறும் “படம்” என்றுதான் கேட்கும். இணைய அணுகல் வழிகாட்டி நெறிகள் இந்த இரண்டையும் அடிப்படைத் தேவைகளாகவே வைத்திருக்கின்றன.

சின்னங்களை எழுத்துருவாக வெளித்தளத்திலிருந்து இறக்குமதி செய்யும் பழக்கம் ஒன்றும் இருக்கிறது. மலைத் தோட்டத்தில் சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும்போது அந்த எழுத்துரு வந்து சேராது. எல்லாக் கோப்புகளுக்கும் பக்கத்தில் வெற்றுச் சதுரங்கள்தான் தெரியும். பக்கத்தோடு சேர்ந்தே வரும் சிறிய வரைபடங்களைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் இல்லை.

நாம் செய்யக்கூடியவை

கணினியில் கோப்பின் முழுப்பெயரும் தெரியும்படி அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸில் கோப்புகளைக் காட்டும் சாளரத்தின் ‘வியூ’ பகுதியில் அதற்கான தெரிவு இருக்கிறது. புகைப்படத்தைப் பிடிஎஃப் ஆக்க வேண்டுமானால் பெயரை மாற்றாமல், ‘பிரிண்ட்’ கொடுத்து பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். அல்லது ஸ்கேன் செயலியால் எடுங்கள். பதிவேற்றிய பிறகு சின்னத்தைப் பார்த்துத் திருப்திப்படாமல், அந்தக் கோப்பை அங்கிருந்தே ஒரு தடவை திறந்து பாருங்கள். கொமியூனிகேஷன் கடையில் “தம்பி, இதைத் திறந்து காட்டுங்க” என்று கேட்பதற்கு யாரும் தயங்கத் தேவையில்லை.

பிடிஎஃப் ஆக மாற்றிய பிறகும் மூலப் படத்தை அழிக்காதீர்கள். மாற்றிய பிரதி அலுவலகத்துக்கு. மூலக் கோப்பு உங்களுக்கும், நாளை ஒரு விசாரணை வந்தால் அதற்கும். அதை இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள், ஒன்று இன்னொரு ஊரிலுள்ள உறவினரிடம் இருக்கட்டும். பெயரிடும்போது ஆளின் பெயர், ஆவணத்தின் பெயர், ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதுங்கள். கோப்பின் பெயரைத் தமிழிலேயே எழுதலாம், இன்றைய கணினிகளும் தொலைபேசிகளும் அதை ஏற்கும்.

1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட நாள் முதல், நான் யார் என்பதைக் கடுதாசியால் நிரூபிக்கச் சொல்லியே மலையகத்தாரைக் கேட்டார்கள். வன்னியில் இருந்தவர்களிடம், எங்கள் பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள் என்பதையே நிரூபிக்கச் சொல்கிறார்கள். கடுதாசியின் இடத்தில் இன்று கோப்பு வந்திருக்கிறது. கடுதாசியில் முத்திரையும் கையெழுத்தும் சரியா என்று நமது பெரியவர்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். கோப்பைத் திறந்து பார்ப்பதும் அதே வேலைதான்.